தகரத்தில் எழுதிய நன்றி

மெக்சிக்கோ நாட்டின் சான் மிகெல் டி அயெண்டே, ஸ்பானியர் 1542இல் தோற்றுவித்த பட்டணம். அங்கே கல் பாவிய தெருவொன்றில் பழம்பொருட் கடையொன்றைக் கண்டு உள்ளே நுழைந்தேன்.

சுவரிலே சிறு தகரத் தகடுகள் தொங்கின. ஒன்றில், நோயுற்ற குழந்தை கட்டிலிற் கிடக்கிறது. தாய் முழந்தாளிட்டு நிற்கிறாள். முகில்களிடையே தேவமாதா தோன்றுகிறாள். பிணி நீங்கிய செய்தியும் நாளும் அடியில் எழுதப்பட்டிருந்தன.

இவை தேவாலயத்திற்கு நேர்த்திக்கடனாக அளிக்கும் ஓவியங்கள். 19ஆம் நூற்றாண்டில் தகரம் மலிவாகக் கிடைத்தமையால், ஏழைகளும் ஊர் ஓவியரைக் கொண்டு இவற்றை வரைவித்தனர். தேவாலயங்களிற் களவாடப்பட்டுச் சந்தைக்கு வந்தவையும் உள.

“இது எவ்வழி வந்தது?” என வினவினேன். கடைக்காரர் விலையை மட்டுமே கூறினார். ஒரு தாயின் நன்றியை விலைக்கு வாங்க மனம் ஒப்பவில்லை, வெறுங்கையுடன் வெளியேறினேன்.