புதரும் தோட்டமே

கோலசிலாங்கூர் என்றதும் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகள்தாம். இரவில் படகேறிச் சென்று, ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் எண்ணற்ற பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைக் கண்டு வியந்து, வீடு திரும்பிவிடுகிறோம். அந்தப் பூச்சி மரத்தில் வளர்வதில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மரம் என்பது அவை துணை தேடும் மேடை மட்டுமே. முட்டையிடுவதும் புழுப்பருவம் கழிவதும் கரைக்குப் பின்னால் இருக்கும் ஈர மண்ணிலும் புதரிலும்தான். அங்கே அப்புழுக்கள் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. எனவே மரத்தை விட்டுவைத்து, பின்னாலிருக்கும் புதரை மட்டும் வீண் செடியென்று வழித்தெடுத்தாலும் போதும். சில காலத்தில் மரம் நிற்கும், வெளிச்சம் இருக்காது.

இந்தச் செய்தி எனக்குத் தெரியவந்தது சற்றுத் தாமதமாகத்தான். அதற்குள் பாட்டி வீட்டு நிலத்தில் பாதியை மொட்டையடித்துவிட்டேன்.

புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிய பின் தாத்தா வாங்கிய நிலம் அது. கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பாட்டி கிள்ளானில் மாமா வீட்டுக்குப் போனபின் ஐந்தாண்டுகளாகக் கவனிப்பாரில்லை. அங்கே பறவையும் பட்டாம்பூச்சியும் வந்து போகும் ஒரு பூந்தோட்டம் அமைக்க வேண்டும் என்று பருவ விடுமுறையில் எனக்கொரு ஆசை. மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. புல் மெசினை இரவல் வாங்கிக் காலையிலிருந்து வெட்டினேன். மாலையில் மழை பிடித்துக்கொண்டதால் பாதியோடு நிறுத்த வேண்டியதாயிற்று. மறுவாரம் பார்க்க வந்த பாட்டி, "எதுக்குய்யா இப்படி மொட்டையடிச்ச? உள்ள என்னா இருக்குன்னு பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லைதான்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது வெட்டிய பாதியில் லாலாங் இடுப்பளவு நின்றது. மேலே வெட்டுவதால் லாலாங்குக்கு ஒன்றும் ஆவதில்லை. மண்ணுக்கடியில் ஓடும் அதன் கிழங்குத்தண்டு அப்படியே இருக்கும். நிழல் தந்த செடிகளை நாமே அகற்றிவிட்டதால் வெயிலும் தாராளமாகக் கிடைக்கும். நிழல்தான் லாலாங்கின் எதிரி. தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கிடையே பயறு இனக் கொடிகளைப் படரவிட்டதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அந்தக் கொடி களையை அமுக்கும், மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும், மழையில் மண் கரையாமலும் காக்கும்.

வெட்டாத பாதியைப் பாட்டியோடு சுற்றிப் பார்த்தேன். நான் காடு என்று நினைத்த இடத்தில் அவர் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொன்னார். ஊதாப் பூவோடு நின்றது செண்டுடுக். அதன் பழத்தைத் தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது இலவச மிட்டாய். சின்னஞ்சிறு பூக்கொத்திப் பறவைகளும் கொண்டைக்குருவிகளும் அப்பழத்தைத் தேடி வருகின்றன. பூவுக்குக் கருவண்டு வருகிறது. மூலையில் தானாய் முளைத்த செரி மரம் ஒன்று. பகலில் அது பறவைகளுக்கு, இரவில் வௌவால்களுக்கு. வேலியில் சிறுபூனைக்காலிக் கொடி. அதன் இலையைத் தின்னும் முள்முள்ளான புழு, செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சி ஒன்றின் குட்டி. இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த அந்தப் பட்டாம்பூச்சி, தாய்லாந்து வழியாக மலேசியாவுக்கு வந்து, 2006இல் சிங்கப்பூரையும் 2012இல் ஆஸ்திரேலியாவையும் எட்டியது. நம் முன்னோரைப் போலக் கடல் கடந்து வந்து குடியேறிய உயிர் என்று அதைச் சொந்தம் கொண்டாடத் தோன்றியது.

கிணற்றடிக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனேன், பாட்டி கையைத் தட்டிவிட்டார். அது பட்டாம்பூச்சியின் இளம்புழு. பறவைகளை ஏமாற்றவே அந்த வேடம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருக்கும் வீட்டில் கறுப்பு வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் பறப்பது இதனால்தான். பட்டாம்பூச்சி வேண்டுமென்று பூச்செடியை மட்டும் வாங்கி வைப்போர் பலர். பூ, வந்த விருந்தாளிக்குத் தேநீர் போன்றது. விருந்தாளி நம் வீட்டிலேயே தங்கிக் குடும்பம் நடத்த இலை வேண்டும். அந்த இலை ஓட்டையாவதைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் வேண்டும்.

இவ்வகையில் செம்பனைத் தோட்டங்களே நமக்குச் சில பாடங்களை வைத்திருக்கின்றன. தோட்டத்துப் பாதையோரங்களில் வரிசையாக நிற்கும் எட்டு மணிப் பூவை, மலாய்மொழியில் 'பூங்கா புக்குல் லாப்பான்' என்பார்களே அதை, பலரும் அழகுக்கு நட்டது என்றே எண்ணியிருப்போம். செம்பனை ஓலையை அரித்துத் தின்னும் பைப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகள் உண்டு. அக்குளவிகளுக்குத் தேன் தரவே அந்தப் பூ. அதேபோல் கம்பத்தின் மேல் பெட்டி கட்டிக் கூகைகளைக் குடிவைப்பது எலியை ஒழிக்க. எலி மருந்தைத் தின்ற எலியைக் கூகை தின்றால் அதன் உடலிலும் நஞ்சு சேரும் என்பதால், கூகை வேண்டுவோர் எலி மருந்தைக் கைவிட வேண்டியிருக்கும்.

இவ்வளவு தெரிந்த பாட்டி, முப்பது ஆண்டுகளாகச் செய்த வேலை என்ன தெரியுமா? முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்து அடித்தது. அவருடைய நகங்கள் இரண்டு இன்றும் சரியாக வளர்வதில்லை. அந்நாளில் அதிகம் பயன்பட்ட பாராகுவாட் எனும் களைக்கொல்லியின் ஆபத்தைத் தெனாகனித்தா போன்ற அமைப்புகள் 2002ஆம் ஆண்டுவாக்கில் ஆய்வுகளோடு எடுத்துரைத்தன. அதே ஆண்டு அதற்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. அதற்குள் பாட்டி ஓய்வு பெற்றுவிட்டார். "மருந்து வாங்கி அடிச்சா லாலாங் ஒரே நாள்ல சாயும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது, அவர் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார். நான் லாலாங்கை மிதித்துச் சாய்த்து, பழைய அட்டைகளை விரித்து, மேலே காய்ந்த இலைகளைக் கொட்டினேன். மெதுவான வேலைதான். எட்டு மாதத்தில் முக்கால் பங்கு அடங்கியது. அந்த இடத்தில் முருங்கை, அகத்தி, வாழை வைத்திருக்கிறோம். மூன்றின் பூவுக்கும் தேன்சிட்டு வரும்; நமக்கும் சமையலுக்கு ஆகும்.

புதரை வைத்துக்கொள்வது என்றால் அப்படியே விட்டுவிடுவது என்று பொருளன்று. பாம்பு பற்றிய அச்சம் நியாயமானது. வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி வையுங்கள். விறகுக் குவியலைச் சுவரோரம் அடுக்காதீர்கள். பூட்ஸ் அணியாமல், கோலால் தட்டிப் பார்க்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். வெட்டும்போது ஒரு மூலையை இன்று, மற்றொன்றைச் சில மாதம் கழித்து என்று பிரித்து வெட்டினால், உள்ளே இருக்கும் உயிர்கள் நகர்ந்துகொள்ள இடமிருக்கும். கூடு தென்பட்டால் குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கம் போகவேண்டாம்.

டிங்கிதான் பெரிய கவலை. ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே வாரம் ஒருமுறை பழைய வாளி, டயர், தேங்காய் மட்டை எல்லாவற்றையும் கவிழ்த்தாக வேண்டும். பறவைக்கு வைக்கும் தண்ணீரை இரண்டு நாளைக்கொருமுறை மாற்றலாம். சிறு குளம் தோண்டினால் கப்பி மீன் விடுங்கள். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் தண்டம் கட்ட வேண்டியிருக்கும். பட்டாம்பூச்சிக்காக வைத்தேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

தொடங்க விரும்பும் நண்பர்கள், செடி வாங்கும் முன் ஒருநாள் புக்கிட் மெலாவாத்தி அடிவாரத்திலுள்ள கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போய் வாருங்கள். மலேசிய இயற்கைக் கழகமும் மாநில அரசும் சேர்ந்து 1987இல் உருவாக்கிய இடம் அது. முன்பு கடல்நீர் புகுந்த கண்டல் காடு, அணை கட்டியபின் உலர்ந்தது. அதில் தானாக முளைத்துப் பெருகியதே இன்றைய காடு. நீர்ப்பறவைகளுக்காக ஏரி மட்டும் வெட்டினார்கள். எதைத் தொட வேண்டும், எதைத் தொடாமல் விடவேண்டும் என்பதை அங்கே நடந்தே கற்கலாம்.

எங்கள் நிலத்துக்கு மின்மினி வரவில்லை. ஆற்றுக்கும் எங்களுக்கும் நடுவே செம்பனை நிற்கிறது. தெருவிளக்கும் இரவெல்லாம் எரிகிறது. பாட்டி மட்டும் மாதம் ஒருமுறை கிள்ளானிலிருந்து வந்து, செண்டுடுக் பழுத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்.