மார்கழி பிரஷர், கத்திரி பிரஷர்

அப்பா தன் பிரஷர் அளவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கிறார். மார்கழி மாதக் காலைகளில் 148, 152, 146. அதே மாத்திரை, அதே கருவி, அதே கை. சித்திரைக்கு வந்தால் 128, 124, ஒருநாள் 112. அந்த 112 அன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். “ஒண்ணுமில்லடா, லேசா கண்ணக் கட்டுது.”

மாத்திரையைக் குறை சொல்ல வேண்டாம். விஷயம் தோலில் இருக்கிறது. குளிர் பட்டதும் தோலுக்கு அடியில் உள்ள நுண்தமனிகள் சுருங்கி, ரத்தத்தை உள்ளே அனுப்பிச் சூட்டைக் காப்பாற்றுகின்றன. குழாய் குறுகினால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்! பனிக்காலத்தில் அடிக்கடி சிறுநீர் வருவதும் இதன் தொடர்ச்சிதான்: உள்ளே சேர்ந்த ரத்தத்தை உபரி என்று எண்ணி உடம்பு நீரைக் கழிக்கிறது. குளிரில் அழுத்தம் ஏறுவதையே சோதனையாக்கினார்கள் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹைன்ஸும் பிரவுனும், 1930-களில். ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் கையை முக்கச் சொல்லி, மற்ற கையில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். (பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் இதை முயன்று பார்க்க வேண்டாம்.)

வெயிலில் கதை தலைகீழ். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது. அதில் தோலுக்குப் போவது அரை லிட்டர்கூடத் தேறாது. கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டுமே 6 முதல் 8 லிட்டர்வரை போகலாம். போதாக்குறைக்கு வேர்வையில் நீரும் உப்பும் போகின்றன. அழுத்தம் சரிகிறது.

சீனாவில் பத்துப் பகுதிகளில் 5 லட்சம் பேரை அளந்த ஆய்வு 2012-ல் வெளியானது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே மேல் அளவில் சராசரியாக 10 புள்ளி வித்தியாசம். எனக்குப் பிடித்த தகவல் வேறு: வீடு முழுக்க வெப்பமூட்டும் வசதி உள்ளவர்களிடம், வெளியே 5 டிகிரிக்குக் கீழே போனாலும் அதற்கேற்ப அழுத்தம் ஏறவில்லை. ஊர்க் குளிரைவிட அறைக் குளிர்தான் கணக்கு. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னதை ஊட்டிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சமவெளியில் இருக்கும் நமக்குக் கவலை கோடைதான். நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கத்திரி வெயில் இன்னொரு நீர் மாத்திரை. வெயிலில் வந்து கிளினிக் ஏ.சி.யில் அரை மணி நேரம் உட்கார்ந்தபின் எடுக்கும் அளவில் இந்தச் சரிவு பிடிபடாமலும் போகலாம். அப்பாவின் டாக்டர் உட்காரவைத்து எடுத்தபோது 118. எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி எடுத்தார்: 96. நீர் மாத்திரையைப் பாதியாக்கினார்.

நாமே குறைத்துக்கொண்டால் என்ன? அங்கேதான் சிக்கல். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 24 மணி நேரக் கருவி மாட்டிப் பார்த்த ஆய்வு 2006-ல் வந்தது. வெப்ப நாட்களில் பகல் அழுத்தம் குறைந்தது. ஆனால் சிகிச்சையில் இருந்த முதியவர்களுக்கு இரவு அழுத்தம் கூடியிருந்தது. புழுக்கத்தில் தூக்கம் கெடுவது, கோடையில் மருந்தைக் குறைப்பது இரண்டின் மீதும் சந்தேகம் இருக்கிறது. பகலில் 112 பார்த்துவிட்டு மாத்திரையை ஒதுக்கிவைப்பவருக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு என்ன அளவு என்று எப்படித் தெரியும்?

டாக்டர் ஐப்பசி பிறந்ததும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மழை பிடித்தால் பழைய அளவு திரும்பவும் தேவைப்படலாமாம். அப்பா நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, அன்றைய வானிலையையும் எழுதத் தொடங்கிவிட்டார். இதுவரை பெரும்பாலும் ஒரே சொல்தான்: ‘புழுக்கம்’.