கண்ணாடிக் கூடை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

கண்ணாடி என்றதும் நம் நினைவுக்கு வருவன யாவை? முகம் பார்க்கும் கண்ணாடி, பேருந்தின் ஜன்னல், நம் ஆய்வுக்கூடத்துப் பீக்கர். எல்லாம் ஏதோ ஒரு வேலைக்கு உதவுபவை. ஆனால் பார்ப்பதற்கென்றே செய்யப்படும் கண்ணாடிக் கிண்ணங்களும் உண்டு. அப்படி ஒன்றின் படத்தை நூலகத்தில் கண்டேன். விளிம்பு நெளிந்து, ஒரு பக்கம் சரிந்திருந்தது. செய்தவர் கை தவறிவிட்டதோ என்றுதான் முதலில் எண்ணினேன்.

கண்ணாடியின் மூலப்பொருள் மணல் என்பது நாம் அறிந்ததே. மணலிலுள்ள சிலிகா உருக 1,700 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். சோடாவைச் சேர்த்தால் அவ்வளவு வெப்பம் தேவையில்லை. ஆனால் சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரில் கரையும்; அதைத் தடுக்கவே சுண்ணாம்பையும் சேர்க்கிறார்கள். பனிக்கட்டியைப் போலக் கண்ணாடிக்குத் திட்டமான உருகுநிலை கிடையாது. சூடேற ஏற மெல்ல இளகும். ஆற ஆற வெல்லப்பாகு போல இறுகும். இந்த இடைப்பட்ட நேரமே கலைஞனுக்குக் கிடைக்கும் நேரம்.

அரிக்கமேட்டில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கண்ணாடி மணிகள் செய்தனர். ஆயினும் பிற்காலத்தில் கண்ணாடி உருக்குவது பெரும் ஆலைகளின் வேலை என்றாகிவிட்டது. இந்நிலையை மாற்ற முயன்றவர் அமெரிக்கப் பேராசிரியர் ஹார்வி லிட்டில்டன். மட்பாண்டக் கலை கற்பித்து வந்த அவர், 1962-ல் டொலிடோ நகர அருங்காட்சியக வளாகத்தில் சிறிய உலை ஒன்றை அமைத்துப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். முதற் கலவை சரிவர அமையவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடி ஆய்வாளர், கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிக்குண்டுகளை உருக்கச் சொன்னார். அவை நன்கு இளகின. தனி ஒருவர் தம் பட்டறையிலேயே கண்ணாடி ஊதலாம் என்பது உறுதியாயிற்று.

நான் படத்தில் கண்ட கிண்ணம் லிட்டில்டனின் மாணவர் டேல் சிஹூலியின் படைப்பு. 1977-ல் டகோமா நகரில், அமெரிக்கப் பழங்குடியினர் முடைந்த பழைய கூடைகளை அவர் கண்டார். தொய்ந்து சரிந்திருந்த அவற்றின் அழகு அவர் மனத்தைக் கவர்ந்தது. அதையே கண்ணாடியில் கொணர்ந்தார். நீண்ட இரும்புக் குழலின் முனையில் உருகிய கண்ணாடியைச் சுற்றி எடுத்து, ஊதி, மெல்லியதாக்கி, மீண்டும் அனலில் காட்டினால் அது தானே தொய்யும். புவியீர்ப்பும் அங்கே ஒரு சிற்பி!

வேலை அத்துடன் முடிவதில்லை. அப்படியே வெளியே வைத்தால் மேற்புறம் முதலில் ஆறிச் சுருங்கும், உட்புறம் பின்தங்கும். இந்த இழுபறி உள்ளேயே தங்கிக் கிண்ணத்தை வெடிக்கச் செய்யும். எனவே ஏறக்குறைய 500 டிகிரிச் சூட்டிலுள்ள அடுப்பில் வைத்து, மணிக்கணக்கில், கனமானதாயின் நாள்கணக்கில் ஆறவிடுகிறார்கள்.

அந்தக் கிண்ணத்தை நோட்டில் வரைந்து வந்து அம்மாவிடம் காட்டினேன். சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் வேலை அவருக்கு.

"நம்ம கெழங்குக் கூடையாட்டமே இருக்குதே கண்ணு! இதை எதுக்குக் கண்ணாடியில பண்ணினாங்க?" என்றார்.

"பாரம் சுமந்து சரிந்த கூடைக்கும் ஓர் அழகு உண்டு என்று ஒருவர் கண்டுகொண்டார், அம்மா" என்றேன்.

கல்லூரித் தோழர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கூடையைத் திண்ணையிலிருந்து எடுத்து மறைத்து வைத்தவன் நான். இப்போது அது திண்ணையிலேயே இருக்கிறது.