பழைய கணினியும் புதிய கிராபிக்ஸ் கார்டும்

கேரளத்து ஏலூரிலிருந்து அன்பர் ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். சேஷசாயி சகோதரர்கள் 1943-இல் அங்கே உர ஸ்தாபனத்தைத் தோற்றுவித்து, நிலக்கரி கிடைக்காத தேசத்தில் விறகையே வாயுவாக்கி 1947-இல் உற்பத்தியைத் தொடங்கிய நாளில், தஞ்சைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து பெரியாற்றங்கரையிலேயே தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. கட்டடக் கலை பயிலும் அவருடைய மகளுக்கு முப்பரிமாணச் சித்திரங்கள் வரைய வேண்டியிருக்கிறது. வீட்டில் இருப்பதோ 2017-இல் வாங்கிய மேஜைக் கணினி. அதில் புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்தலாமா என்று கடையில் விசாரித்தபோது, பெட்டியைத் திறந்துகூடப் பாராமல், "இது பழசு, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எதை எதைப் பார்த்து நாமே தீர்மானிப்பது என்பது அவருடைய கேள்வி.

கிராபிக்ஸ் கார்டு இன்ன வேலை செய்வது என்று விளக்கும் அவசியம் இன்று இல்லை; ஆகையால் நேரே அது செருகப்படும் இடத்துக்கு வருகிறேன். மதர்போர்டில் இருக்கும் நீண்ட ஸ்லாட்டுக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். 2003-இல் பிறந்த இந்த ஏற்பாடு, 2007-இல் இரண்டாம் தலைமுறையும், 2010-இல் மூன்றாவதும், 2017-இல் நான்காவதும், 2019-இல் ஐந்தாவதுமாக வளர்ந்து, தகவல் செல்லும் ஒரு பாதையில் முதலில் விநாடிக்கு 250 கோடி துடிப்புகளாக இருந்த வேகத்தை ஐந்தாவதில் 3,200 கோடிக்குக் கொண்டுவந்தது. இத்தனை வளர்ச்சிக்குப் பிறகும் ஸ்லாட்டின் உருவத்தை மாற்றாமல் வைத்திருக்கிறார்களே, அதைத்தான் நான் இந்தத் துறையின் பெரிய தர்மம் என்று கருதுகிறேன்.

உருவம் ஒன்றாக இருப்பதால் மட்டும் இருபது வருஷ இடைவெளியைக் கடந்துவிட முடியாது. மின்விசையை அழுத்தியதும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுவதால் எவரும் கவனியாத ஒரு சம்பாஷணை அங்கே நிகழ்கிறது. முதலில் இரு தரப்பும், ஒவ்வொரு பாதையிலும் ஒரு சிறு மின்மாற்றத்தை அனுப்பி, கம்பி மின்னேற்றம் பெற எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கொண்டே மறுமுனையில் கேட்பவர் உண்டா இல்லையா என்று அறிந்துகொள்கின்றன. உண்டென்று தெரிந்ததும், எவ்வளவு புதிய கார்டானாலும் சரி, எவ்வளவு புதிய மதர்போர்டானாலும் சரி, 2003-ஆம் வருஷத்து வேகத்திலேயே பேச்சைத் தொடங்குகின்றன. ஒரு ஜோடிக் கம்பியில் நேரும் எதிரும் இடம் மாறியிருந்தால் அதைத் தாமே கண்டு திருத்திக்கொள்கின்றன. பதினாறு பாதைகளில் எத்தனை நல்ல நிலையில் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்கின்றன. பின்பு தத்தமக்கு எவ்வளவு வேகம் இயலும் என்பதைத் தெரிவித்து, இருவருக்கும் பொதுவான உச்ச வேகத்துக்கு ஏறுகின்றன. மூன்றாம் தலைமுறையிலிருந்து இன்னும் ஒரு படி உண்டு: "உன் குரல் எனக்கு மங்கலாகக் கேட்கிறது, இந்த ஸ்வரத்தைச் சற்று உயர்த்து" என்பதுபோல, கேட்கும் தரப்பு அனுப்பும் தரப்பின் மின்னலையைத் தனக்கேற்றபடி திருத்தச் சொல்கிறது. பிழைகள் மிகுந்தால் இரண்டும் தாழ்ந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்கின்றனவேயன்றி, பேச்சை முறித்துக்கொள்வதில்லை.

இளமையில் என் தந்தையாருடன் மட்டாஞ்சேரிப் பஜார் சாலையின் மிளகு மண்டிகளில் நின்றிருக்கிறேன். குஜராத்தி வர்த்தகரும் கொங்கணித் தரகரும் கம்பத்திலிருந்து ஏலக்காயோடு வந்த நம்மவரும் முதன்முதலாகச் சந்திக்கும்போது, யாவருக்கும் தெரிந்த பத்துப் பன்னிரண்டு மலையாளச் சொற்களிலேயே ஆரம்பித்து, எதிராளிக்கு எந்தப் பாஷை எவ்வளவு கைவரும் என்று கண்டுகொண்ட பின்னரே கணக்கு வழக்குகளுக்குள் இறங்குவார்கள். ஸ்லாட்டில் நடப்பதும் அவ்விதப் பழக்கந்தான். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் இந்த உடன்படிக்கையின் முடிவைக் கண்ணால் பார்க்கலாம். கார்டு சும்மா இருக்கையில் மின்சாரத்தை மிச்சப்படுத்த முதல் தலைமுறை வேகத்துக்கே இறங்கிவிடுவதும் அதில் தெரியும். அதைக் கண்டு கார்டு பழுதென்று பதறுவோர் உண்டு. ஏதேனும் வேலை கொடுத்துவிட்டுப் பார்த்தால் எண் மேலேறிவிடும்.

ஆகவே, நம் அன்பரின் 2017 கணினியில் உள்ள மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் நான்காம் தலைமுறைக் கார்டு தாராளமாக ஓடும். ஆனால் வாங்கும்போது தலைமுறையைவிடப் பாதைகளின் எண்ணிக்கையையே உற்று நோக்க வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற கார்டு, பதினாறு பாதைக்குரிய நீளம் இருந்தும் எட்டுப் பாதைகளையே உபயோகிக்கிறது. மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் அதனால் வரும் நஷ்டம் பெரும்பாலும் சொற்பமே. 2022 ஜனவரியில் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. நான்கே பாதைகளும் 4 ஜிபி நினைவகமும் உடையது. பழைய ஸ்லாட்டில் அதற்குக் கிடைப்பது விநாடிக்குச் சுமார் 4 ஜிபி. தன் நினைவகம் நிரம்பி, கணினியின் ராமிலிருந்து எடுக்க நேர்ந்தால் அது திணறிவிடும். விலை குறைந்த கார்டைத் தேடுகிறவர்கள் பழைய பெட்டிக்காரர்களே ஆதலால், இந்த அமைப்பு யாருக்கு உதவ வேண்டுமோ அவர்களையே அதிகம் பாதிக்கிறது என்பது என் வருத்தம். முப்பரிமாணச் சித்திரங்களைப் பிளெண்டர் போன்ற மென்பொருளில் மெருகேற்றும் வேலையில், காட்சி முழுவதும் ஒருமுறை கார்டுக்குள் ஏறிவிட்டால் கணக்கு அங்கேயே நடக்கும். அதற்கு ஸ்லாட்டின் வேகத்தையும் பழைய பிராசஸரையும்விடக் கார்டின் நினைவக அளவே முக்கியம்.

இனி மின்சாரம். ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். ஆறு முனைக் கம்பி இன்னொரு 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரும். இவை வரவேண்டியது எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் அழைக்கும் பெட்டியிலிருந்து. கேபினெட்டோடு சேர்ந்தே வரும் மலிவான எஸ்.எம்.பி.எஸ். பலவற்றில் மேலே கொட்டை எழுத்தில் 450 என்று இருக்கும். அதை விடுத்து, பக்கவாட்டுச் சீட்டில் 12 வோல்ட் என்ற வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 ஆல் பெருக்க, 216 வாட்டே ஆகிறது. கார்டும் பிராசஸரும் அந்த வரிசையையே நம்பியிருப்பவை. 4060 கார்டுக்கு 115 வாட், பிராசஸருக்கு 65 வாட், மற்றவற்றுக்குச் சிறிது என்று கூட்டினால் மிச்சம் ஏதும் இராது. மேலும், கார்டுகள் ஆயிரத்தில் சில பங்கு விநாடிக்குத் தம் அளவை மீறி மின்சாரத்தை உறிஞ்சுவது வழக்கம். அதைத் தாங்கும்படி செய்வதற்காகவே 2022-இல் ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற விதிமுறை வந்தது. 4060-க்கு என்விடியா 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். சிபாரிசு செய்வதும் இந்த அனுசரணையோடுதான்.

முப்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் கார்டு வாங்குகிறவர்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மூவாயிரம் செலவிட மனம் வராமல், ஹார்டு டிஸ்க்குக்கு உரிய நாலு முனைக் கம்பியை மாற்றி ஒட்டும் மலிவான இணைப்பானைக் கொண்டு காரியத்தை முடித்துக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் கம்பி சூடேறி உருகுவது அபூர்வமான சம்பவம் அல்ல. துலாவர்ஷத்து இடியும் மின்னலும் கேரளத்தில் எப்படிப்பட்டவை என்று ஏலூர்வாசிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் எத்தனையோ வீடுகளில் பிளக்கின் மூன்றாம் துளை, எர்த் கம்பியோடு சம்பந்தமே இல்லாமல் வெறும் துளையாக இருக்கிறது. முதலில் எலெக்ட்ரிஷியனை அழைத்து அதைச் சரிபார்க்கச் செய்ய வேண்டும்.

நீளம், பருமன் ஆகியவை பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. கேபினெட்டின் பின்புறத்திலிருந்து முன்னால் ஹார்டு டிஸ்க் கூடு வரைக்கும் அளந்து, கார்டின் அளவோடு ஒப்பிட்டால் போதும். அலுவலகங்களிலிருந்து மறுவிற்பனைக்கு வரும் ஒடுக்கமான பெட்டிகளில் பாதி உயரக் கார்டுகளே நுழையும். காயல் ஈரமும் ஆலைக் காற்றும் கலந்த ஊரில், கார்டை நுழைக்குமுன் ஸ்லாட்டில் படிந்த தூசியைக் காற்றூதிப் போக்குவது நலம். பொன்பூச்சிட்ட முனைகளை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் அந்த மெல்லிய பூச்சையே தேய்த்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். முனையில் அழுக்கிருந்தால், முன்சொன்ன சம்பாஷணையில் பதினாறு பாதை எட்டாகவோ ஒன்றாகவோ சுருங்கிவிடும்.

இவையெல்லாம் அரைமணி நேர வேலை. அதைச் செய்யச் சோம்பி, நன்றாக ஓடும் யந்திரத்தைக் கழிவாக்குவது எனக்குச் சம்மதமாக இல்லை. மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் புதிய விதிகள் நல்லவைதான். ஆயினும் கழிவு ஆற்றில் கலந்தால் ஆறு என்ன ஆகும் என்பதைப் பெரியாற்றின் கரையில் வசிப்பவர்கள் தங்கள் வாழ்நாளிலேயே பார்த்திருக்கிறார்கள்.

கடைசியாக இரண்டு விஷயங்கள். இன்டெலின் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் என்ற வசதியை எதிர்பார்ப்பவை. அந்நிறுவனம் பத்தாம் தலைமுறைப் பிராசஸர் முதற்கொண்டே அவற்றுக்கு ஆதரவு சொல்வதால், 2017-ஆம் வருஷத்துப் பெட்டிக்கு அவை வேண்டாம். மானிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. முனை மட்டுமே இருந்தால், என்விடியா 2016-இல் கொண்டுவந்த பாஸ்கல் தலைமுறை முதல் அவ்வித அனலாக் சமிக்ஞை கார்டிலிருந்து வெளிவருவதில்லை என்பதை நினைவில் வைத்து, உள்ளே மின்னணுச் சுற்று உடைய ஆக்டிவ் கன்வெர்ட்டரைக் கார்டோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். மானிட்டரின் கம்பியையும் மதர்போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் செருகுங்கள்.