படத்தேடலில் பொருளிடைவெளி: உவமவியல் வழி ஒரு நோக்கு

ஒரு படத்தைக் கொடுத்து, அதனை ஒத்த பிற படங்களைக் கணினிவழித் தேடும் முயற்சி 1990களில் விரைவுபெற்றது. ஐ.பி.எம். நிறுவனத்தின் கியூபிக் இதன் முன்னோடிகளுள் ஒன்று. நிறம், வடிவு, பரப்பின் இழையமைதி ஆகியவற்றை அஃது எண்களாக்கி, எண்ணளவில் நெருங்கியவற்றை ஒத்த படங்களெனக் காட்டியது. இம்முறையில் அந்திவானத்தைத் தேடுபவருக்குச் செம்மஞ்சள் துணியும் விடையாக வரக்கூடும். படத்திலிருந்து கணினி பிரித்தெடுக்கும் செய்தியும், குறித்த சூழலில் மனிதர் அப்படத்திற்குக் கொள்ளும் பொருளும் ஒன்றாகாத இந்நிலையை ஆர்னால்டு ஸ்மியூல்டர்சும் உடனாய்வாளர்களும் 2000இல் வரையறுத்தனர். அதனைப் பொருளிடைவெளி எனலாம்.

ஒப்புமை எதனை அடியாகக் கொண்டு எழுகிறது என்னும் வினா தமிழிலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என நான்கினை உவமத் தோற்றமாகக் கூறுகிறது. மெய்யை வடிவெனவும் உருவை நிறமெனவும் உரையாசிரியர் கொள்வர். கியூபிக் கண்ட ஒப்புமை பெரிதும் இவ்விரண்டனுள் அடங்குகிறது. வள்ளலின் கையை மழையோடு ஒப்பிடுவது பயனுவமம். கையின் படத்திற்கும் மழையின் படத்திற்கும் நிறத்தாலோ வடிவாலோ பொதுமை இல்லை. ஆயினும் கேட்போர் ஐயுறுவதில்லை.

ஓப்பன்ஏஐ 2021இல் வெளியிட்ட கிளிப் வேறு வழியை மேற்கொண்டது. இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடி படம்–உரை இணைகளால் அது பயிற்றப்பட்டது. படத்துடன் வரும் சொற்கள் வினையையும் பயனையும் ஓரளவு உடன்கொணர்வதால் இடைவெளி குறைந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அவ்வுரைகள் பெரும்பாலும் ஆங்கிலம். எந்த உரையிலும் எழுதப்படாத வழக்கு அதற்கு எட்டுவது அரிது.

மாலையிட்ட முதியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, சுற்றிலும் பலர் நிற்கும் பழைய படம் ஒன்றைக் கொள்க. அது பணிநிறைவு நாளில் எடுத்ததாகலாம். இறந்தவரை அமர்த்தி, மாலையிட்டு, உறவினர் சூழ எடுத்ததாகவும் இருக்கலாம். அம்மரபும் தமிழகத்தில் இருந்தது. மெய்யும் உருவும் இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. மூடிய கண்களையும், தலையைத் தாங்கும் துணிக்கட்டையும் கண்டு வீட்டார் வேறுபாடறிவர்.

தமிழகத்து ஒளிப்பட நிலையங்களின் பழைய படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முயற்சியால் எண்மமாக்கப்பட்டுள்ளன. இத்தகைய தொகுப்புகளுக்குத் தானியங்கி முறையில் குறிப்புச்சொல் இடப்பெற்று, அவற்றுள் மாலை, நாற்காலி, குழு என்பன மட்டும் பதிவாயின், இறப்புச் சடங்கை ஆராய்பவர் தேடும்போது அப்படம் விடையாக வராது.