பதினோரு இலக்க எண்ணும் கடைமடை விவசாயியும்

விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு தொடங்கியதிலிருந்து, நெல்லைச் சீமையில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. ‘இந்த எண்ணை வாங்கினால் நிலத்துக்கு ஏதும் வில்லங்கம் வருமா?’ என்பது ஒன்று. ‘குத்தகைக்கு உழுகிற எனக்கும் எண் உண்டா?’ என்பது மற்றொன்று. முதல் கேள்வி பயத்தில் வருவது. இரண்டாவது அனுபவத்தில் வருவது. இரண்டுக்கும் நேரான பதில் சொல்லியாக வேண்டும்.

எண் எதற்கு?

மத்திய அரசின் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு 2024 செப்டம்பர் 2-ல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 2,817 கோடி ரூபாய். இதன் கீழ் வரும் ‘அக்ரிஸ்டாக்’ தளத்தில் மூன்று பதிவேடுகள் உண்டு: விவசாயி யார், நிலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது, அதில் இந்தப் பருவத்தில் என்ன பயிர். 11 கோடி விவசாயிகளுக்கு எண் வழங்குவது இலக்கு. பி.எம். கிசான், பயிர்க் காப்பீடு, பயிர்க்கடன், மானியம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காகிதம் சுமந்து அலைவதைக் குறைப்பதுதான் நோக்கம்.

முதல் கேள்விக்கான பதில் இதுதான். பட்டாவில் உள்ள விவரத்தைத்தான் இந்தப் பதிவு எடுத்துக்கொள்கிறது. நில உரிமையை இது மாற்றாது. பத்திரமும் பட்டாவும் அப்படியேதான் இருக்கும்.

மதகைப் பெரிதாக்கினால் போதுமா?

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். சுமார் 86 ஆயிரம் ஏக்கர் பாசனம். தலைமதகை அகலப்படுத்திவிட்டு வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் என்ன ஆகும்? வழியில் கரை உடையும், கடைமடை காயும். கணினித் தளமும் அப்படித்தான். பதிவு செய்யும் வாசலை ஒரே நாளில் அகலமாக்கலாம். சரிபார்க்கிற ஆளும் முறையும் அதே அளவுக்குப் பெருக வேண்டும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. கொரோனா காலத்தில், விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதியும் வசதி திறந்திருந்தது. அலுவலர்களின் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போயின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் விவசாயிகளே அல்லாதவர்கள் பட்டியலில் ஏறினார்கள். தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று 2020 செப்டம்பரில் அரசே அறிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, ஊழியர்கள் பலர் நீக்கப்பட்டனர், பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது.

இன்று தவணை வர வேண்டுமானால் நில விவரம் இணைப்பு, இ-கே.ஒய்.சி., ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். சரிபார்ப்பு தேவைதான். ஆனால் மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த பெரியவர்கள் கருவியின் முன் கைவிரலை வைத்து வைத்துப் பார்த்து ஏமாந்ததும் நடந்தது. 2023-ல் முகப்பதிவு வசதி வந்த பிறகுதான் அந்தச் சிரமம் ஓரளவு குறைந்தது. ஏய்ப்பவனைத் தடுக்கப் போடும் வேலி, உழுகிறவனை வெளியே நிறுத்திவிடக் கூடாது.

குத்தகை விவசாயிக்கு வழி என்ன?

தாமிரபரணிக் கரையில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் குடியேறியவர்களின் நிலம் என்று குத்தகையில் நடக்கும் வயல்கள் ஏராளம். பதிவோ பட்டாவைப் பார்த்து நடக்கிறது. காரும் பிசானமும் நட்டு அறுப்பவர் ஒருவர், பட்டாவில் இருப்பவர் வேறொருவர் என்றால், எண் பட்டாக்காரருக்கே போகும். இந்த இடத்தில் தளத்தின் மீது நம்பிக்கை குறைவது இயல்பு.

1969-ம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. உங்கள் பெயர் அந்தப் பதிவேட்டில் உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். குத்தகை ரசீது எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள்.

ஆந்திராவில் 2019-ல் ஒரு சட்டம் வந்தது. குத்தகை விவசாயிக்கு 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் உரிமை அட்டை. நில உரிமைக்கு அதனால் பாதிப்பில்லை. ஆனால் நிலச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்பதால், பயந்து மறுத்தவர்கள் அங்கும் உண்டு. சட்டம் இருந்தாலும் இரு தரப்பும் நம்பினால்தான் அட்டை கைக்கு வரும் என்பதே இதில் தெரிகிறது.

நடுவில் நிற்பவர்கள்

இந்தத் தளத்தை விவசாயி நேரில் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது கிராம நிர்வாக அலுவலர், உதவி வேளாண்மை அலுவலர், இ-சேவை மையத்துக்காரர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஆகியோரைத்தான். 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்க வேண்டியிருந்தது. வேலை கூடும்போது ஆளும் கருவியும் கூட வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. சர்வர் நின்றுபோனால் திட்டு வாங்குவது முகாமில் உட்கார்ந்திருப்பவர்தான். விவரம் தவறானால் எங்கே, யாரிடம், எத்தனை நாளில் திருத்தலாம் என்பதை ஒவ்வொரு முகாமிலும் எழுதி ஒட்டினாலே பாதிச் சண்டை தீரும்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியபோது மின்சாரமும் செல்போன் தொடர்பும் பல ஊர்களில் அற்றுப்போயின. மிகவும் தேவைப்பட்ட நாளில் எந்தச் செயலியும் திறக்கவில்லை. ஆகவே காகித அடங்கலையும் ரசீதையும் தூக்கி எறியாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஆதார், பட்டா இரண்டிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

• இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால், வாரிசுச் சான்றுடன் பெயர் மாற்றத்துக்கு இப்போதே மனுக் கொடுங்கள்.

• ஓ.டி.பி. எண்ணை முகாமில் உங்கள் கண் முன்னால் பதிவதற்கு மட்டும் சொல்லுங்கள். போனில் கேட்டால் சொல்லாதீர்கள்.

• ‘பி.எம். கிசான்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிகளைத் தரவிறக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

• தவணை நின்றுபோனால் 155261. பயிர்ச் சந்தேகங்களுக்கு 1800 180 1551.

• பதிந்ததும் ஒப்புகை எண்ணைக் கேட்டு வாங்கி, சர்வே எண், பரப்பு சரியா என்று வாசித்துப் பாருங்கள்.

தவறு இருந்தால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மாதாந்திரக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுத்து மூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரே மாதிரிக் குறை பத்து ஊரிலிருந்து எழுத்தில் வந்தால்தான், அது தனி ஆளின் சிக்கல் அல்ல, தளத்தின் பழுது என்று மேலே உள்ளவர்களுக்குப் புரியும்.