கரிசலில் என்ன விதைக்கணும்? முடிவு செய்தது லிவர்பூல்!

திருநெல்வேலியில் மதுரை பஸ் ஏறி ஜன்னல் சீட் பிடித்துவிட்டால், உலக விவசாயப் பாடத்தில் பாதியை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

கிளம்பும் இடத்தில் தாமிரபரணிப் பாசனம், நெல் வயல், வாழை. தாழையூத்து தாண்டினால் கங்கைகொண்டான். குற்றால மலையில் பிறந்த சிற்றாறு இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு சீவலப்பேரி பக்கம் போய் தாமிரபரணியில் சேர்கிறது. இன்று ஊர்ப் பெயரைச் சொன்னால் சிப்காட், டயர் ஆலை, சோலார் ஆலைதான் பலருக்கு ஞாபகம் வரும். அதற்கு வடக்கே கயத்தாறு, கோவில்பட்டி என்று போகப் போக பச்சை குறைந்து மண் கறுக்கிறது. கரிசல். காற்றாலைகளுக்குக் கீழே மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, எங்கேயாவது கொஞ்சம் பருத்தி.

ஆற்றுப்பாசனப் பக்கத்தில் ‘இந்த வருஷம் என்ன போடப்போறீங்க?’ என்று கேட்டால் பதில் சுலபம். அணை திறந்தால் நெல். கரிசல் பக்கம் அதே கேள்விக்குப் பதில் நாமக்கல் கோழிப்பண்ணை வரை போகும்; சில சமயம் அமெரிக்கா வரைகூடப் போகும். இது கூகுள் காலத்துப் புதுக்கதை கிடையாது. இதற்கு 160 வயது தாண்டிவிட்டது.

வயிற்றுக்கா, சந்தைக்கா?

பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் விவசாயத்தை இரண்டாகப் பிரிக்கும். வீட்டுக்கும் ஊருக்கும் விளைவிப்பது தன்னிறைவு விவசாயம். விற்பதற்கென்றே விளைவிப்பது வணிக விவசாயம். அமெரிக்காவின் கோதுமை, பிரேசிலின் சோயா, மலேசியாவின் செம்பனை எல்லாம் இரண்டாவது பட்டியல். ஒரு நாடு முன்னேறினால் முதல் வகையிலிருந்து இரண்டாவதற்குப் போகும் என்கிற மாதிரி நாமும் படித்து பாஸ் ஆகிவிட்டோம்.

நிஜத்தில் எல்லை அவ்வளவு சுத்தமாக இல்லை. சீவலப்பேரிக் கூடுதுறைதான் ‘முக்கூடற்பள்ளு’ பாடிய இடம். நெல் ரகங்கள், மாட்டு வகைகள் என்று பட்டியல் போடும் இலக்கியம் அது. ஆற்றோர விவசாயத்தில் உணவு, கோயில், ஊர் எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்பே கட்டப்பட்டவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870களில் வந்தது. தண்ணீர் உறுதி என்பதால் கார், பிசானம் என்று இரண்டு பருவமும் நெல்லைச் சுற்றியே ஓடின.

கரிசலுக்கு அந்த வசதி இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி. இங்கே காடு என்றால் மரங்கள் அடர்ந்த வனம் கிடையாது, புஞ்சை நிலம். விவசாயியைச் ‘சம்சாரி’ என்பார்கள். சம்சாரியின் காட்டில் கம்பும் பயறும் வயிற்றுக்கு, பருத்தி காசுக்கு. கிஸ்தியைப் பணமாகக் கட்டணுமே! அந்தப் பருத்தியும் முழுக்கச் சந்தைக்குப் போய்விடவில்லை. கொட்டை மாட்டுக்கு, கொஞ்சம் பருத்திப்பாலுக்கு. பருத்திமார் அடுப்புக்கு. ஒரே செடி இரண்டு உலகத்திலும் கால் வைத்திருந்தது.

அமெரிக்காவில் சண்டை, இங்கே விலையேற்றம்

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிமை உழைப்பில் பருத்தி விளைந்த தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடக்குப் படை முற்றுகையிட்டது. பிரிட்டனின் லங்காஷயர் ஆலைகளுக்குத் தேவையான பஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆலைகள் மூடின, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். லிவர்பூல் தரகர்கள் உலகம் முழுக்கப் பஞ்சு தேடினார்கள்.

விளைவு? இந்தியப் பருத்தி விலை சில மடங்கு எகிறியது. ‘டின்னவெல்லி காட்டன்’ என்ற வணிகப் பெயரில் கரிசல் பஞ்சு தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. உப்பம், கருங்கண்ணி போன்ற நாட்டு ரகங்கள்தான். இழை குட்டை, ஆனால் வெண்மையான பஞ்சு என்று சந்தையில் பெயர் இருந்தது.

1865-ல் போர் முடிந்தது. விலை விழுந்தது. பம்பாயில் பருத்திப் பணத்தை நம்பிய வங்கிகள் கவிழ்ந்தன. விலை ஏறிய காலத்தில் கடன் வாங்கிய தக்காணத்து விவசாயிகள் திருப்பிக் கட்ட முடியாமல் தவித்தார்கள். 1875-ல் புனே, அகமதுநகர் பகுதிகளில் வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைத் தேடி எரித்தார்கள். இதே பருத்தி அலையில் மேலே போன எகிப்து அரசு, 1876-ல் கடன் கட்ட வக்கில்லாமல் திவாலாகி, 1882-ல் பிரிட்டிஷ் பிடிக்குள் போனது. மூன்று கண்டங்கள், ஒரே செடி.

லாபம் வந்தபோது அதில் தரகருக்கும் ஏற்றுமதியாளருக்கும் பங்கு இருந்தது. விலை விழுந்தபோது கடன் மட்டும் பெரும்பாலும் சம்சாரி தலையில் நின்றது. வணிக விவசாயம் என்ற சொல்லுக்குப் புத்தகத்தில் இல்லாத அர்த்தம் இது: மண் உன்னுடையது, மழைக்கான ரிஸ்க்கும் உன்னுடையது, விலை மட்டும் வேறு எங்கோ.

ரயில் வந்தது, ஆலை வந்தது

1826-லேயே ஜெர்மானிய நிலக்கிழார் வான் தூனென் ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஒரு நிலத்தில் எந்தப் பயிர் என்பதை மண் மட்டும் தீர்மானிக்காது. சந்தைக்குக் கொண்டுபோகும் செலவும் தீர்மானிக்கும் என்பது சாரம். வண்டிச்செலவு குறைந்தால் தூரத்து ஊரும் சந்தைக்குப் பக்கத்து ஊர் ஆகிவிடும்.

இங்கே அதைச் செய்தது ரயில். 1876-ல் மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் பாதை திறந்தது. கங்கைகொண்டான் இந்தத் திருநெல்வேலிப் பாதையில்தான் இருக்கிறது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்திருந்ததால் கடல்வழியும் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையில் நூற்பாலை தொடங்கினார்கள். அடுத்து தூத்துக்குடியில் கோரல் மில். 1908-ல் வ.உ.சி. முன்நின்று வேலைநிறுத்தம் நடத்தியது இந்த கோரல் மில்லில்தான். கூலி உயர்வு கேட்டவர்கள் ஜெயித்தார்கள்.

உள்ளூர்க்காரர்களும் முயன்றார்கள். பாரதியாரின் அப்பா சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை போட்டார். அது நொடித்துப் போனது, பணமும் போனது; 1898-ல் அவர் இறந்தபோது குடும்பம் வறுமையில் இருந்தது. பாரதி வாழ்க்கை வரலாற்றில் இரண்டு வரியில் கடந்துபோகும் இந்தச் சம்பவம், கரிசல் பருத்தியின் வரலாற்றுக்கு ரொம்ப முக்கியம். பஞ்சு உன் ஊரில் விளைந்தாலும், மெஷின், மூலதனம், சந்தை மூன்றும் உன் கையில் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வீடே சாட்சி.

சந்தை கேட்டது தரம், கொடுத்தது எடைக்குக் காசு. இதில் ஒரு ஓட்டை இருந்தது. ‘புளிச்சை’ என்ற ரகத்தில் கொட்டை நீக்கினால் பஞ்சு அதிகம் தேறும், ஆனால் முரட்டுப் பஞ்சு. 1900களின் தொடக்கத்தில் அது நல்ல பஞ்சோடு கலந்து, திருநெல்வேலிப் பருத்திக்கே கெட்ட பெயர் வந்தது. வேளாண் துறை சுத்தமான கருங்கண்ணி விதையைப் பரப்ப வேண்டியதாயிற்று. 1901-ல் கோவில்பட்டியில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. கே-11 மாதிரியான பருத்தி ரகங்களின் ‘கே’ கோவில்பட்டியைத்தான் குறிக்கிறது.

பருத்தி எங்கே போச்சு?

1947-ல் இந்தியப் பருத்திப் பரப்பில் கிட்டத்தட்ட 97% நாட்டு ரகங்கள். இன்று நிலைமை தலைகீழ். நீள இழை தரும் அமெரிக்க வகைதான் நாடு முழுக்க. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு மாற்றம் இன்னும் வேகமெடுத்தது. ஆலை மெஷினுக்கு நீள இழைதான் தோது. ஆனால் ஒரே மழையை நம்பும் கரிசலில் வறட்சியைத் தாங்கி நின்றது நாட்டுப் பருத்தி. மெஷினுக்குத் தோதானது ஒன்று, மண்ணுக்குத் தோதானது வேறொன்று.

பருத்தி எடுக்க ஆளும் கிடைக்கணும். ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை, பல தடவை காட்டுக்குள் இறங்கணும். கூலி ஏற ஏற, சம்சாரிகள் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். மெஷின் வைத்து அறுக்கலாம், கோழித்தீவனத்துக்கு நிரந்தரக் கிராக்கி இருக்கிறது. இப்போது எத்தனால் ஆலைகளும் சேர்ந்துவிட்டன.

இங்கே ஒரு ட்விஸ்ட். மக்காச்சோளத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதைத் தின்னும் படைப்புழுவுக்கும் அதே பூர்வீகம்தான். 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டு, 2018-ல் கர்நாடகம் வழியாக இந்தியாவுக்குள் தெரியவந்த அந்தப் புழு, அடுத்த சில மாதங்களில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பதம் பார்த்தது. உலகச் சந்தையோடு உலகப் பூச்சியும் வந்தது. இதற்கு மேல் ராத்திரியில் காட்டுப்பன்றித் தொல்லை வேறு.

விற்கும்போது என்ன கதை? 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குச் சாதா நெல் 2,369 ரூபாய், மக்காச்சோளம் 2,400 ரூபாய், நடுத்தர இழைப் பருத்தி 7,710 ரூபாய். காகிதத்தில் மூன்றும் ஒரே வரிசை. ஆனால் நெல்லுக்கு அரசின் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் பல ஊர்களில் திறக்கப்படும். மக்காச்சோளத்துக்கு அப்படி ஊர்தோறும் நிலையம் கிடையாது. வியாபாரி சொல்கிற விலைதான்.

அதற்காக ஆற்றோர விவசாயி நிம்மதியாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. கங்கைகொண்டான் சிப்காட் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் தடை விலகியது. கரிசலில் விலைக்குப் போட்டி என்றால், ஆற்றோரத்தில் தண்ணீருக்குப் போட்டி.

மறுபடியும் அமெரிக்கா

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50% வரி போட்டது. திருப்பூர் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. அதற்குச் சில நாள் முன்பே, ஆகஸ்ட் 19-ல், ஜவுளித் துறைக்குக் கைகொடுக்கப் பருத்தி இறக்குமதி மீதான 11% வரியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். ஆலைகளுக்கு இது நியாயமான உதவி. தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்குத் தேவையான பஞ்சில் மிகச் சிறிய பங்குதான் இங்கே விளைகிறது. பருத்தி விவசாயிகள் சங்கங்களோ, விலை விழும் என்று எதிர்த்தன. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வரியைப் பற்றிய முடிவில் ஆலைக் குரல் கேட்ட அளவுக்குக் காட்டுக் குரல் கேட்கவில்லை என்பது தேதிகளைப் பார்த்தாலே தெரியும்.

மக்காச்சோளத்துக்கு மாறினவர்களும் தப்பவில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக், இவ்வளவு மக்கள்தொகை உள்ள இந்தியா தங்கள் மக்காச்சோளத்தைக் கொஞ்சம்கூட வாங்குவதில்லை என்று பேட்டியில் குறைப்பட்டுக்கொண்டார்.

பஞ்சு விலையை வணிகத்தில் இன்றும் ‘கண்டி’க்கு இவ்வளவு என்றுதான் சொல்கிறார்கள். ஒரு கண்டி 784 பவுண்ட், அதாவது ஏறக்குறைய 356 கிலோ. பழைய ஏற்றுமதிக் காலத்து எடை. சம்சாரி தன் பருத்தியை விற்பது குவிண்டாலில். போன வருஷம் புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்துக் கரிசலில் விதைத்துக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் துறைமுகங்களில் இறங்கிக்கொண்டிருந்தது.